சொல்லத் தடைபட்ட காற்று

தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த நம்மவருள் மூத்தோர் 1978ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாளின் மாலைப் பொழுதை எளிதில் மறந்திரார். நகரின் வடபுறத்தில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில், சில நிமிடங்களே வீசிய ஒரு சுழற்காற்று 28 உயிர்களைக் கொண்டு சென்றது. காயமுற்றோர் ஏறத்தாழ 700 பேர். நான் பணியில் சேர்ந்த புதிதில், ஓய்வுபெறும் நிலையில் இருந்த நம் தமிழர் ஒருவர் அதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "தம்பி, நான் நாகப்பட்டினத்துக்காரன். புயல் எனக்குத் தெரியும். அது புயல் இல்லை, வேறு ஏதோ ஒன்று" என்றார்.

அவர் கூறியது உண்மையே. வங்கக் கடலில் தோன்றும் புயல் பல நாள் நகர்ந்து, பல நூறு கிலோமீட்டர் அகலத்திற்குப் பரவி வருவது. சுழற்காற்றோ இடிமுகிலின் வயிற்றிலிருந்து யானைத் துதிக்கைபோல் இறங்கி, குறுகியதொரு நிலப்பட்டையை அழித்துவிட்டு மறைவது. ஒரு தெரு தரைமட்டமாகும். அடுத்த தெருவில் ஓடுகூடப் பெயர்ந்திராது. இது மிகுதியாகத் தோன்றும் நிலம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதி. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று கீழேயும், மேற்குப் பகுதியின் வறண்ட காற்று மேலேயும் வந்து சேர, உயரம் கூடக் கூடக் காற்றின் விசையும் திசையும் மாறினால், முகிலே சுழலத் தொடங்கிவிடும்.

அந்நாட்டினர் இக்காற்றை முன்னறிய முயன்ற வரலாறு விந்தையானது. 1884ஆம் ஆண்டிலேயே, படைத்துறையின் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி என்பார் இதனை முன்கூட்டி உரைக்கும் சோதனைகளைத் தொடங்கினார். சில ஆண்டுகள் செல்லுமுன் மேலிடம் குறுக்கிட்டது. மக்கள் அஞ்சி ஓடுவர், அதனால் விளையும் கேடு காற்றினால் வரும் கேட்டினும் பெரிது என்று கருதி, வானிலை அறிக்கைகளில் 'டொர்னேடோ' என்னும் சொல்லையே எழுதலாகாது என்றனர். கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. பொய்த்துப்போன எச்சரிக்கைக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். கொடுக்கப்படாத எச்சரிக்கைக்கு எவரும் கேளார்.

அதன் விலை 1925 மார்ச்சு 18 அன்று தெரிந்தது. மிசௌரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களின் ஊடே, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவுக்கு, மூன்றரை மணி நேரம் ஒரே சுழற்காற்று ஓடியது. மாண்டவர் 695 பேர். மர்ஃபிஸ்பரோ என்னும் ஒரு சிற்றூரில் மட்டும் 234 பேர். ஓர் ஊர் அழிந்த செய்தி அடுத்த ஊருக்கு எட்டுமுன் காற்று எட்டிவிட்டது.

தடையை உடைத்தவர்கள் படைத்துறையினரே. 1948 மார்ச்சு 20 இரவு, ஓக்லஹோமாவின் டிங்கர் விமானத் தளத்தைச் சுழற்காற்று தாக்கி, ஒரு கோடி டாலர் அளவுக்கு இழப்பை விளைத்தது. விசாரணைக் குழு, இதனை எவராலும் முன்னறிந்திருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தளபதி போரம் அத்துடன் அமையவில்லை. இனியேனும் முடியுமா எனப் பார்க்குமாறு ஃபாபுஷ், மில்லர் என்னும் இரு வானிலை அதிகாரிகளைப் பணித்தார். ஐந்தே நாளில், மார்ச்சு 25 அன்று, வரைபடத்தில் அதே அமைப்பு மீண்டும் தோன்றியது. ஒரே இடத்தை ஒரே வாரத்தில் இருமுறை தாக்குமா? நெஞ்சு நடுங்க இருவரும் எச்சரிக்கையை எழுதிக் கொடுத்தனர். விமானங்கள் கொட்டகைக்குள் சென்றன. அருகிருந்த நகர விமான நிலையத்தின் மேல் முகில் பெருந்தீங்கின்றிக் கடந்தது கண்டு மில்லர் மனமுடைந்து வீடு திரும்பினார். சற்று நேரத்தில் வானொலி, டிங்கர் தளம் மீண்டும் தாக்குண்டதை அறிவித்தது. 1950இல் வானிலைத் துறைத் தலைவரும், அச்சொல்லை எழுதத் தடை ஏதும் இல்லை எனச் சுற்றறிக்கை விடுத்தார்.

எச்சரிக்கும் கலைக்குப் பெருஞ்சோதனையாய் வந்தது 1974 ஏப்ரல் 3. ஒரு நாள் பொழுதுக்குள் 13 மாநிலங்களில் 148 சுழற்காற்றுகள் எழுந்தன. ஒன்று கனடாவின் வின்சர் நகரையும் தாக்கியது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மிகுந்த அழிவின் தடங்களை வானிலிருந்து ஆராயும் பணியைத் தலைமையேற்று நடத்தியவர், ஜப்பானிலிருந்து 1953இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த ஃபுஜிதா என்னும் பேராசிரியர். 1945இல் நாகசாகியில் அணுகுண்டு வீழ்ந்த இடத்தை நேரில் ஆய்ந்தவர் அவர். சாய்ந்த மரங்களைக் கொண்டு காற்றின் போக்கை அறியும் முறைக்கு அந்த ஆய்வும் ஓர் அடிப்படை. சிதைவைக் கண்டு காற்றின் வலிமையை அளக்கும் அளவுகோலை அவர் 1971இலேயே வகுத்திருந்தார்.

அன்று மாலை லூயிவில் நகரில், வானொலி நிலையம் ஒன்றுக்காகப் போக்குவரத்து நிலையைச் சொல்லிவந்த டிக் கில்பர்ட் என்பார் ஹெலிகாப்டரில் சுழற்காற்றைத் தொடர்ந்து பறந்தார். அது இப்போது எந்தத் தெருவைக் கடக்கிறது, அடுத்து எப்பக்கம் திரும்பும் என அவர் கூறக் கூற, அது வானொலியில் ஒலித்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. இறந்தோர் மிகச் சிலரே. 1925இல் மர்ஃபிஸ்பரோ மக்களுக்குக் கிட்டாதது இதுவே எனத் தோன்றுகிறது.

ஏறத்தாழ அதே நேரத்தில், ஒஹையோ மாநிலத்தின் சீனியா நகரை மற்றொன்று நெருங்கியது. அந்நகரில் அப்போது அபாயச் சங்கு கிடையாது. அண்டையிலுள்ள டேட்டன் தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் கில் விட்னி, ராடார் திரையில் தூண்டில் முள்போல் வளைந்து தெரிந்த வடிவைக் காட்டி, சீனியா மக்களை உடனே மறைவிடம் தேடச் சொன்னார். கேட்டவர் பிழைத்தனர், தொலைக்காட்சியின் முன் இல்லாதவர்க்கு யார் சொல்வது? நகரின் ஏறத்தாழப் பாதி சிதைந்தது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பள்ளிகள் சற்றுமுன் விட்டிருந்தன. உயர்நிலைப் பள்ளி அரங்கில் மட்டும் சில மாணவர்கள் நாடக ஒத்திகையில் இருந்தனர். வெளியே எட்டிப் பார்த்த ஒரு மாணவி கண்டு சொல்ல, எல்லாரும் நடுக்கூடத்திற்கு ஓடித் தரையில் கவிழ்ந்தனர். காற்று ஓய்ந்து அவர்கள் எழுந்தபோது, சற்றுமுன் அவர்கள் நின்று வசனம் பேசிய மேடையின்மேல் பள்ளிப் பேருந்து ஒன்று கிடந்தது.