ரோவர் ஓடிய ஓட்டம்

எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் 1894-லேயே இரண்டு பூனைகளுக்குக் கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போடவிட்டுப் படம் பிடித்தார்கள். பார்க்க வேடிக்கைதான், ஆனால் அதில் கதை கிடையாது. 1905-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு நாய் கதையையே தூக்கிக்கொண்டு ஓடியது. படத்தின் பெயர் ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’.

தேம்ஸ் நதிக்கரை ஊரான வால்டனில் செசில் ஹெப்வொர்த் படக் கம்பெனி நடத்திவந்தார். அவர் வளர்த்த கோலி இன நாய் பிளேர், அதுதான் ரோவர். கதை அவர் மனைவி மார்கரெட்டுடையது. இயக்கியவர் லூவின் ஃபிட்ஸ்ஹமன். அப்பா வேடம் ஹெப்வொர்த்துக்கு, அம்மா வேடம் மார்கரெட்டுக்கு, கைக்குழந்தையாக அவர்களுடைய மகளே! மொத்தச் செலவு 7 பவுண்டு 13 ஷில்லிங் 9 பென்ஸ். இவ்வளவு சிக்கனமான குடும்பப் படம் நம்மூரிலும் வந்திருக்காது.

தாதி ஒரு சிப்பாயோடு பேச்சில் மயங்கி நிற்க, பிச்சைக்காரி ஒருத்தி குழந்தையைத் தூக்கிப் போய்விடுகிறாள். சேதி தெரிந்ததும் ரோவர் ஜன்னல் வழியே பாய்கிறது. தெருவில் ஓடி, முனையில் திரும்பி, ஆற்றை நீந்திக் கடந்து, கரையேறி உடம்பை உதறுகிறது. பிறகு சேரியில் வீடு வீடாகக் கதவைத் தேடுகிறது. குழந்தையைக் கண்டதும் வந்த வழியே திரும்பி எஜமானைக் கூட்டிவருகிறது. ஆற்றில் அவருக்குப் படகு, நாய்க்கு நீச்சல்தான்.

சூட்சுமம் இந்த ஓட்டத்தில் இருக்கிறது. தேடிப் போகையில் நாய் கேமராவை நோக்கி வருகிறது; வீடு திரும்புகையில் கேமராவை விட்டு விலகி ஓடுகிறது. அதே தெரு, அதே ஆறு. எழுத்து அட்டை எதுவும் இல்லாமலே, எது போக்கு எது வரத்து என்று ரசிகனுக்குப் புரிந்துவிடுகிறது. தனித்தனித் துண்டுகளை ஒரே பயணமாகக் கோத்தது அந்த நான்கு கால்கள்தான். அந்த ஆறேழு நிமிடங்களில் நடிப்பென்று பார்த்தாலும் மனிதர்களைவிட நாய்தான் இயல்பு என்பேன்.

அந்நாளில் படங்களை வாடகைக்கு விடும் வழக்கமில்லை, பிரதியை விற்றுவிடுவார்கள். 395 பிரதிகள் போயின. பிரதி எடுத்தெடுத்தே நெகட்டிவ் தேய்ந்துபோனதால், முழுப் படத்தையும் இரண்டு முறை புதிதாக எடுக்கவேண்டியதாயிற்று. பாவம் பிளேர், மறுபடி மறுபடி ஆற்றில் குதித்தது. 1908-ல் வந்த இன்னொரு கடத்தல் கதையில் அதைக் காரே ஓட்டவைத்துவிட்டார்கள்!

அடுத்த வாரம், முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கண்டெடுத்த நாய்க்குட்டி ரின் டின் டின், ஹாலிவுட் போய்ச் சேர்ந்த கதை.

(தொடரும்)