என்எஃப்எஸ் சர்வர் (லினக்ஸ் கெர்னல்)

ஒரு கணினியின் வட்டில் உள்ள அடைவுகளைப் பிற கணினிகள் தம் சொந்த வட்டில் இருப்பவை போலவே பயன்படுத்தப் பிணையத்தின் வழியே திறந்து கொடுப்பது என்எஃப்எஸ் சர்வர். லினக்ஸில் இது கெர்னலின் ஒரு பகுதி. மூலநிரலில் என்எஃப்எஸ்டி என்ற அடைவில் இருக்கிறது. கெர்னலைக் கம்பைல் செய்பவர் இதை உள்ளே சேர்க்கலாம், தனி மாட்யூலாக வைக்கலாம், அல்லது அடியோடு விட்டுவிடலாம். சேர்ப்பதால் கிடைப்பது திறன் மட்டுமே. எந்த அடைவை, யாருக்கு, என்ன உரிமையோடு கொடுப்பது என்பதைக் கெர்னலுக்கு வெளியே உள்ள கருவிகளே முடிவு செய்கின்றன. சர்வர் ஓடவில்லை என்று புதியவர்கள் கெர்னலைத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்வது இந்தப் பிரிவினை புரியாததால்தான்.

தோற்றம்

கலிஃபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 1984இல் இந்த வேலை தொடங்கியது. ரஸல் சேண்ட்பர்க், டேவிட் கோல்ட்பர்க், ஸ்டீவ் க்ளைமன், டான் வால்ஷ், பாப் லயன் ஆகிய ஐவரும் 1985 கோடையில் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வாசித்த கட்டுரையே இதன் மூல ஆவணம். முதல் பதிப்பு சன் நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை. வெளியே வந்தது இரண்டாம் பதிப்பு. அதன் விவரக்குறிப்பு 1989 மார்ச்சில் ஆர்எஃப்சி 1094 ஆகப் பதிவானது.

அந்த ஐவர் எடுத்த இரண்டு முடிவுகள் இன்றுவரை கெர்னல் தெரிவுகளின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. சர்வர் தன் கிளையன்ட்டுகளைப் பற்றி எதையும் நினைவில் வைத்திருக்கக் கூடாது என்பது முதலாவது. எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார், எதுவரை படித்தார் என்ற கணக்கு அன்றைய சர்வரிடம் இருக்கவில்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வந்தது. சர்வர் செத்துப் பிழைத்தாலும் கிளையன்ட் கேட்டதையே மறுபடி கேட்டுக்கொண்டிருந்தால் போதுமாயிருந்தது. கோப்புப் பூட்டு இந்த ஏற்பாட்டில் அடங்காது என்பதால் அதற்குத் தனி நெறிமுறையும் லாக்டி என்ற தனிப் பகுதியும் தேவைப்பட்டன.

இரண்டாவது, ஃபைல் ஹேண்டில். கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், சர்வர் முன்பு கொடுத்த ஓர் அடையாளத்தைக் காட்டிக் கேட்பது. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் இப்படிப்பட்டதுதான்: வைத்திருப்பவருக்கு அதன் உட்பொருள் தெரிய வேண்டியதில்லை, கொடுத்தவர் பார்த்ததும் எந்த அடுக்கு என்று அறிய வேண்டும். வழக்கமாக இதில் கோப்பமைப்பு கோப்பை அடையாளம் காணும் ஐநோடு எண்ணும், அழிக்கப்பட்ட கோப்பின் ஐநோடு புதியதற்குப் போய்விட்டதா என்று காட்டும் தலைமுறை எண்ணும் இருக்கும். எண் பொருந்தவில்லையென்றால் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற பிழை வரும். யூனிக்ஸ் நிர்வாகிகள் பலருக்கும் தூக்கத்திலும் தெரிந்த வாசகம் இது.

ஐநோடு எண்ணிலிருந்து கோப்பைப் பிடிப்பது கெர்னலுக்குள் இருப்பவருக்கு எளிது. சன் தன் சர்வரை அங்கேயே வைத்தது. என்எஃப்எஸ்டி என்ற நிரல் ஒரு சிஸ்டம் காலை அழைத்துக் கெர்னலுக்குள் நுழையும். பிறகு திரும்பி வராது.

லினக்ஸில்

லினக்ஸின் முதல் என்எஃப்எஸ் சர்வர் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாகவே ஓடியது. மார்க் ஷாண்ட் எழுதியதை டொனால்ட் பெக்கர், ரிக் ஸ்லாட்கி முதலியோர் வளர்த்தனர். ஐநோடு எண்ணைக் கொடுத்துக் கோப்பைத் திறக்கும் வசதி அந்நிரலுக்கு இல்லை. ஆகவே பாதையின் ஒவ்வொரு படியையும் ஒரு பைட்டாகச் சுருக்கி ஹேண்டிலுக்குள் அடுக்கிக் கொடுத்தது. ஹேண்டில் திரும்பி வந்ததும் அந்தப் பைட்டுகளுக்குப் பொருந்தும் அடைவுகளைத் தேடிக் கோப்பைக் கண்டுபிடித்தது. கெட்டிக்கார உத்திதான். ஆனால் கோப்பை ஓர் அடைவிலிருந்து வேறோர் அடைவுக்கு மாற்றினால் டோக்கன் செல்லாக்காசாகிவிடும்.

ஓலாஃப் கிர்ஷ் எழுதிய கெர்னல் சர்வர் 2.1 சோதனை வரிசையில் வளர்ந்து, 1999 ஜனவரியில் வெளியான 2.2 கெர்னலில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காலத் தெரிவின் உதவிக் குறிப்பே சுவையானது: வெளியே ஓடும் நிரல் போதுமென்றால் இதை வேண்டாம் என்று சொல்லுங்கள், இது வேகமானது, ஆனால் இன்னும் முழுதாக நிலைபெறாமல் இருக்கலாம் என்று அதிலேயே எச்சரித்திருந்தார்கள். பக்கத்திலேயே ‘சன் என்எஃப்எஸ் சர்வரைப் போல நடந்துகொள்’ என்றொரு தெரிவும் இருந்தது. ஏற்றுமதி செய்யும், அதாவது பிறருக்குத் திறந்து கொடுக்கும், அடைவுக்குள் வேறொரு வட்டுப் பகுதி மவுண்ட் ஆகியிருந்தால் அதற்குள்ளும் கிளையன்ட்டை விடுவதா என்ற கேள்விக்கான விடை அது.

2.4 காலத்தில் நீல் பிரவுன் பொறுப்பேற்றார். மூன்றாம் பதிப்பு (ஆர்எஃப்சி 1813, 1995) நிலைபெற்றது. கோப்பு அளவின் 32 பிட் எல்லை 64 பிட்டானது. எழுதும் ஒவ்வொன்றும் வட்டில் இறங்கும்வரை காத்திருக்கும் கட்டாயம் தளர்ந்தது. டிசிபி வழிச் சேவை முதலில் சோதனை முத்திரையோடு தனித் தெரிவாக வந்தது. நான்காம் பதிப்பை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சிஐடிஐ மையம் எழுதி 2.5 வரிசையில் சேர்த்தது. 1998இல் சன் நெறிமுறையின் உரிமையை இணையத் தர அமைப்பிடம் ஒப்படைத்திருந்ததால் இந்தப் பதிப்பு எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் பிறந்தது. கெர்னலோடு பேச முதலில் இருந்த தனி சிஸ்டம் கால் 2011இல் 3.1 கெர்னலில் நீக்கப்பட்டது. அதன் வேலையை ப்ராக் அடைவுக்குக் கீழே மவுண்ட் ஆகும் என்எஃப்எஸ்டி கோப்பமைப்பு செய்கிறது.

சர்வரை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்ற விவாதம் இத்துடன் முடிந்துவிடவில்லை. 2011இல் 2.6.39 கெர்னல் ஹேண்டிலைக் கொண்டு கோப்பைத் திறக்கும் வசதியை வெளி நிரல்களுக்கும் தந்தது. பிள்ளையார் பெயர் தாங்கிய என்எஃப்எஸ்-கணேஷா போன்ற வெளிச் சர்வர்கள் இருக்கவே செய்கின்றன. கொத்துச் சேமிப்பகங்களில் அவற்றுக்குத் தனி இடமும் உண்டு.

தெரிவுகள்

கெர்னல் தெரிவுகளைக் காட்டும் மெனுகான்ஃபிக் திரையில் ‘ஃபைல் சிஸ்டம்ஸ்’, அதற்குள் ‘நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸ்’, அதற்குள் ‘என்எஃப்எஸ் சர்வர் சப்போர்ட்’. மேலேயே உள்ள ‘கிளையன்ட் சப்போர்ட்’ வேறு. பிறரிடமிருந்து வாங்குவதற்கு அது, கொடுப்பதற்கு இது. டிசிபி/ஐபி பிணையமும் கோப்புப் பூட்டு வசதியும் கெர்னலில் இல்லையென்றால் இந்த வரி கண்ணிலேயே படாது. தேர்ந்தெடுத்தால் சன்ஆர்பிசி, லாக்டி, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் ஆகிய கெர்னல் பகுதிகளைத் தானே இழுத்துக்கொள்ளும். மாட்யூலாக வைப்பதே வழக்கம்.

இதன் கீழ் வரும் துணைத் தெரிவுகளில் பதிப்புகள் முக்கியம். மூன்றாம் பதிப்பு நெடுங்காலம் தனித் தெரிவாக இருந்து, 2022இல் 5.18 கெர்னலிலிருந்து சர்வரோடு எப்போதும் சேர்ந்தே வருகிறது. இரண்டாம் பதிப்பு 6.2இல் தனித் தெரிவாகப் பிரிக்கப்பட்டு, கேட்டாலன்றிக் கிடைக்காத நிலைக்குத் தள்ளப்பட்டது. நான்காம் பதிப்புக்கு ப்ராக் கோப்பமைப்பு வேண்டும். கெர்பரோஸ் பாதுகாப்புப் பகுதியும் கூடவே வரும். சோலாரிஸ் வழக்கத்தில் வந்த ஏசிஎல் ஆதரவு, வட்டிலிருந்து நேரடியாகப் படிக்கவிடும் பிஎன்எஃப்எஸ் வகைகள், எஸ்இலினக்ஸ் முத்திரைகள், சர்வருக்குச் சர்வர் நகலெடுத்தல் ஆகியவை மற்றவை. பெரும்பாலோருக்கு இவை தேவைப்படுவதில்லை.

எல்லாக் கோப்பமைப்பையும் ஏற்றுமதி செய்ய முடியாது. ஹேண்டிலிலிருந்து கோப்பைக் கண்டுபிடிக்கும் வழியை அந்தக் கோப்பமைப்பே தர வேண்டும். எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் தருகின்றன. ஓவர்லேஎஃப்எஸ் தனி விருப்பம் கொடுத்தால்தான் தரும்.

கெர்னலுக்கு வெளியே என்எஃப்எஸ்-யூட்டில்ஸ் தொகுப்பு தேவை. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அடைவையும் வாங்குபவரையும் எழுதி, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையால் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். கணினிப் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விட்டால் அந்த உரிமை அக்கணினிக்கு அல்ல, உலகத்துக்கே போகும். சர்வரைப் பூட்ட நினைத்தவர்கள் பலர் கதவைத் திறந்துவிட்டது இப்படித்தான். கிளையன்ட்டின் ரூட் பயனரைச் சாதாரணப் பயனராக்கும் ரூட்_ஸ்குவாஷ் இயல்பாகவே இயங்கும். எழுதியதை வட்டில் இறக்கிய பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லும் ‘சிங்க்’, தொகுப்பின் 1.0.0க்குப் பிந்தைய பதிப்புகளில்தான் இயல்பானது. முன்பு மின்தடையில் எழுதியவை காணாமல் போனதற்கு, வட்டில் இறக்கும் முன்பே அப்படிச் சொல்லிவிடும் ‘அசிங்க்’ காரணம். நான்காம் பதிப்பு மட்டுமென்றால் 2049 போர்ட் போதும். மூன்றாம் பதிப்புக்கு 111 முதலாகச் சிலவும் திறந்திருக்க வேண்டும்.

கெர்னலுக்குள் ஓடும் கோப்புச் சர்வர் இது ஒன்று மட்டுமல்ல. விண்டோஸ் உலகத்தின் எஸ்எம்பி நெறிமுறைக்கான கேஎஸ்எம்பிடி என்ற கெர்னல் சர்வர் 2021இல் 5.15 கெர்னலில் இணைந்தது. வெளி நிரலான சாம்பா இதைவிட விரிவானது.

தற்போதைய நிலை

என்எஃப்எஸ் சர்வரைச் சக் லீவரும் ஜெஃப் லேட்டனும் பராமரிக்கின்றனர். 6.4 கெர்னல் முதல் டிஎல்எஸ் மறையாக்கம் உண்டு.