ஆய்வேடு அலுமாரிக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும்?

போன மாதம் எங்கட சந்திப்புக்கு ஒரு தோழி தன் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தா. இரண்டு வருச உழைப்பு. "கம்பஸ் லைப்ரரியில ஒரு கொப்பி, என்னட்ட ஒரு கொப்பி. வேற ஆருக்கும் இப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது" எண்டா. இதை எங்கு அனுப்பலாம் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் எங்களைத் தனிநாயகம் அடிகளிடம் கொண்டுபோய் விட்டது.

1913இல் ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் பிறந்தவர் அடிகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கக் கவிதையில் இயற்கை பற்றி ஆய்வு செய்தார். அந்த ஆய்வு பிறகு ஆங்கில நூலாகவும் வந்தது. வெளிநாடுகளில் சுற்றியபோது ஒரு விசயம் அவருக்கு விளங்கியது. இந்தியவியல் என்றால் அங்கே பெரும்பாலும் சமஸ்கிருதம்தான். தமிழில் ஆய்வு செய்கிறவர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படுவதற்கு ஒரு பொது இடம் இல்லை.

அதற்காக 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழை அவர் தொடங்கினார். பிராகாவில் இருந்த கமில் சுவெலபில் போன்றவர்களும் அதில் எழுதினார்கள். 1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தபோது, அங்கே வந்திருந்தவர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அங்கு வாசித்த கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக அச்சாயின. 1969இல் மன்றத்தின் சொந்த ஆய்விதழும் வந்தது.

1974 யாழ்ப்பாண மாநாடு எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஜனவரி 10 இரவும், அதில் இறந்துபோனவர்களும்தான். அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த மாநாடு இதே தொடரில் நான்காவது என்பதையும் மறக்கக் கூடாது. ஆய்வாளர்கள் கட்டுரைகளோடு எங்கட ஊருக்கு வந்திருந்தார்கள்.

அடிகள் செய்ததில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இதழ் ஆங்கிலத்தில் வந்ததால் உலகம் வாசித்தது. ஆங்கிலம் தெரியாத எங்கட ஆக்களுக்கு அது எட்டவில்லை. இன்றைக்கும் இதே இழுபறிதான். பதவி உயர்வுக்கும் புலமைப்பரிசிலுக்கும் ஆங்கில ஜேர்னல் கேட்கிறார்கள். ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்கள் தமிழில்தான் வாசிப்பார்கள். ரெண்டில் ஒன்றைத்தான் தெரிய வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. கட்டுரை ஆங்கிலத்தில் போகட்டும். அதன் சாரத்தைத் தமிழில் ஒரு சஞ்சிகைக்கும் எழுதலாம்.

இன்னொரு வித்தியாசம். அண்டைக்கு இதழ்கள் குறைவு. இண்டைக்கு ஈமெயிலைத் திறந்தால் "உங்கள் மதிப்புமிக்க கட்டுரையை ஒரு கிழமையில் வெளியிடுகிறோம்" என்று ஆயிரம் அழைப்பு. பிறகு பணம் கேட்பார்கள். அதனால் அனுப்ப முதல் சிலதைப் பாருங்கோ. அந்த இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளை வாசியுங்கோ. ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையில் உங்கட துறையில் எழுதுகிறவர்களா? கட்டுரையை வேறு ஆய்வாளர்கள் வாசித்துத் திருத்தம் சொல்கிறார்களா? நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்த இதழில் வந்தன? பெரும்பாலும் உங்களுக்கான இடமும் அதுக்குள்ளதான் இருக்கும்.

முழு ஆய்வேட்டையும் ஒரு இதழும் போடாது. ஓர் அத்தியாயம், ஒரு கேள்வி, அது போதும். தோழியும் மூன்றாம் அத்தியாயத்தைத் தனியாக எடுத்துச் சுருக்கத் தொடங்கியிருக்கிறா. அடுத்த சந்திப்பில் அதை நாங்கள் எல்லாரும் இருந்து வாசிக்கப் போகிறோம். அலுமாரிக்குள் கிடக்கிற உங்கட ஆய்வேட்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ.