கண்ணாடித் தொட்டிக்குள் கடல்: லண்டன் முதல் அருள்புரம் வரை

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் லிஃப்ட், மோட்டார், பார்க்கிங் எல்லாம் முடிந்து டீ வரும் நேரத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: "வீட்டுக்குள்ள கடல் மீன் தொட்டி வைக்கலாங்களா? சின்னதுதான். ராஸ் மீன் ரெண்டு விட்டா குழந்தைங்க பார்த்துட்டே இருப்பாங்க." பின்வரிசையிலிருந்து உடனே பதில் கேள்வி வந்தது: "அந்த உப்புத் தண்ணிய எங்கீங்க கொட்டுவீங்க?" கூட்டம் சிரித்தது. விவரம் சேகரித்துக் காலாண்டு இதழில் எழுதும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள்.

தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். கடலை வீட்டுக்குள் கொண்டு வரும் ஆசைக்கு 175 வயதுக்கு மேல் ஆகிறது. தொட்டிக்குள் இருக்கும் சிக்கலை மனிதர்கள் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே வந்தார்கள். தொட்டிக்குள் வருவது எங்கிருந்து வருகிறது, தொட்டியிலிருந்து போவது எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகள்தான் கடைசி வரை பின்வரிசையில் நின்றன. நம் கூட்டத்தில் நடந்ததும் அதேதான்.

ஜன்னலோரம் ஊற்றிய கடல்நீர்

1846-ல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி, டோர்கீ கடற்கரையில் கண்ட பவள உயிரிகளை லண்டனில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டு வந்தார். கடல்நீர் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த ஜன்னலோரம் நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். நாம் டீ ஆற்றுவது போலத்தான். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். அதைச் செய்தது வீட்டு வேலைக்காரப் பெண். இன்று காற்று பம்ப் செய்யும் வேலை அது. பவள உயிரிகள் மூன்றாண்டு வாக்கில் உயிரோடு இருந்தன.

1845-ல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதால் தொட்டிகள் மலிவாயின. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அந்தச் சொல்லைப் பரப்பியவர் அவர்தான். நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் எழுதினார். கடலில்லாத ஊரில் இருக்கும் நமக்கு இன்று பாக்கெட்டில் கிடைக்கும் கடலுப்புக் கலவைக்கு முன்னோடி அது.

புத்தகம் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். பாறைக் குட்டைகளில் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்து வந்தார்கள். அந்தக் கரைகள் வெறுமையாகிப் போனதையும், அதில் தன் தந்தையின் புத்தகங்களுக்கு இருந்த பங்கையும் காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் வெளியான தன் நூலில் வருத்தத்தோடு பதிவு செய்தார். ரசிப்பதற்காகத் தொடங்கிய ஒன்று ரசித்த இடத்தையே அழித்தது.

மெரினாவில் ஒரு கடல் வீடு

நம் மாநிலத்துக் கதை இங்கே தொடங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். பாடம் செய்த உடல்கள் நிறைந்த அந்த இடத்தைச் சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்பார்கள். அவர் ராமேஸ்வரம் தீவுகளிலும் மன்னார் வளைகுடாவிலும் அலைந்து, முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி 1887-லும் 1890-லும் அறிக்கைகள் வெளியிட்டவர். உயிருள்ள கடல் மீன்களையும் மக்கள் பார்க்க வேண்டும் என்ற அவருடைய முயற்சியின் பலனாக, 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல். 1919-ல் அது மீன்வளத் துறையிடம் போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. மும்பையின் தாராபோர்வாலா காட்சியகம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1951-ல்.

மெரினா காட்சியகத்துக்குக் கடல் எதிரிலேயே இருந்தது. நீர் பழசானால் புது நீர் எடுக்கலாம். கழிவு கடலுக்கே திரும்பும். நமக்கு அந்த வசதி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சுண்ணாம்பாகிப் போன பவளப்பாறை

தர்ஸ்டன் ஆராய்ந்த அதே மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். உலகின் முதல் பவளப்பாறைக் கருத்தரங்கு என்று கணக்கில் வைக்கப்படுவது 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில்தான் நடந்தது.

அறிஞர்கள் கூடிப் பேசிய அதே காலத்தில், வள்ளம் வள்ளமாக முருகைக்கல் வெட்டிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். வீடு கட்டவும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், ஆலைகளுக்கும் அது போனது. பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின.

1986-ல் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என அறிவிப்புகள் வந்தும் வெட்டுவது நிற்கவில்லை. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. கடற்குதிரையும் கடல் அட்டையும் அதே பட்டியலில் வந்தன. ஆழிப்பேரலையில் பாறையின் அருமையை மக்கள் நேரில் உணர்ந்ததும் சேர, 2005 வாக்கில் முருகைக்கல் வெட்டுவது நின்றது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறது. அழிக்க எடுத்ததை விட மீட்க அதிக காலம் ஆகிறது.

நம் தொட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? "கடல்ல இருந்து வந்த ஒரிஜினல் பவளக் கல்லுங்க" என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், அது இந்தக் கதையின் மிச்சம். முதல் அட்டவணை உயிரினம் என்பதால் குறைந்தது மூன்றாண்டுச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ராமேஸ்வரம் சுற்றுலாவில் பொறுக்கி வந்த துண்டுக்கும் அதே சட்டம்தான்.

வீட்டுக்கு வந்த பவளத்தொட்டி

வீட்டில் முழுப் பவளத் தொட்டி வைக்க முடியும் என்று காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961-ல் தன் முறையை எழுதினார்: உயிர்ப்புள்ள பாறை, சூரிய ஒளி, கொஞ்சம் காற்றுக் குமிழி, அவ்வளவுதான். பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவில் வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் என்பதே அதன் ரகசியம். பின்னர் ஜெர்மானியர்கள், நுரையோடு கழிவை வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைய தொட்டிகளின் அடிப்படை இவ்வளவே.

மீன் வியாபாரம் அதற்கும் முந்தியது. 1930களிலேயே இலங்கையிலிருந்து அழகுக் கடல் மீன்கள் ஏற்றுமதியாகத் தொடங்கின. பிலிப்பைன்ஸில் 1960களில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் வந்தது. மீனோடு பாறையும் செத்தது.

இப்போது நம் நண்பர் கேட்ட ராஸுக்கு வருவோம். கிளிமீனுக்கு நெருங்கிய சொந்தமான இந்தக் குடும்பத்தில் 500-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பிறக்கும்போது பெண், பிறகு ஆண் என மாறும் வகைகள் பல. 1972-ல் ஆஸ்திரேலியக் கடலில் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் கிளீனர் ராஸ் கூட்டத்தின் ஆண் மீனை அகற்றிப் பார்த்தார். சில மணி நேரத்தில் பெரிய பெண் மீன் ஆண் போல நடந்துகொள்ளத் தொடங்கியது. ஓரிரு வாரங்களில் உண்மையிலேயே ஆணாகிவிட்டது.

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இந்தக் கிளீனர் ராஸ். நீல உடலில் கறுப்புக் கோடு. பெரிய மீன்களின் உடலில் ஒட்டும் ஒட்டுண்ணிகளை நாளொன்றுக்குச் சுமார் 1,200 வரை தின்னும். சிறு தொட்டியில் அத்தனை ஒட்டுண்ணிக்கு எங்கே போவது? பெரும்பாலானவை பட்டினியில் மெலிந்து சாகின்றன. அதை எடுத்த இடத்திலும் நஷ்டம்தான். லிசார்ட் தீவில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் கிளீனர் ராஸ் இல்லாமல் வைத்திருந்த பாறைகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கையும் வகைகளும் குறைந்தன. கண்ணாடியில் தன் உருவத்தைத் தானே அடையாளம் காணும் திறன் இந்த மீனுக்கு இருப்பதாக 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை மட்டும் வாங்க வேண்டாம் என்பது என் பரிந்துரை.

விரும்பினால் ஆறுகோட்டு ராஸ் ஒன்று போதும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது. கொஞ்சம் சண்டைக்காரர் என்பதால் கடைசியாக விட வேண்டும். ராஸ்கள் துள்ளும், எனவே வலை மூடி கட்டாயம். மணலில் புதைந்து தூங்கும் வகை என்றால் ஐந்து சென்டிமீட்டர் நுண்மணல் வேண்டும். மறுநாள் காலை மீனைக் காணோம் என்று பதற வேண்டாம்! துணைக்குக் கோமாளி மீன் விடலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருப்பதால், கடலில் பிடிக்காத குஞ்சு கிடைக்கிறது. ராஸ்களோ பெரும்பாலும் கடலில் பிடித்தவை. அதனால்தான் "ஒன்று போதும்" என்கிறேன்.

பின்வரிசைக் கேள்விக்குப் பதில்

கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எண் புதிதாக இராது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் நிறத்தைப் பொறுத்து லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். கடலை விட உப்பான நீரை நாம் பல்லாண்டுகளாகக் கையாள்கிறோம். அதை நொய்யலில் விட்டதன் விலையும் நமக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணை, கரித்துப்போன கிணறுகள், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கழிவுநீர் வெளியேறாத சுத்திகரிப்பு முறை கட்டாயமானது. நம் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்பு நீரைச் சுத்தம் செய்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை வந்தது.

அப்படிப்பட்ட ஊரில், மீன் தொட்டி உப்பு நீரைச் செடிக்கோ தரையிலோ ஊற்றுவது சரியா? 100 லிட்டர் தொட்டியில் வாரம் 10 லிட்டர் மாற்றினால் 350 கிராம் உப்பு. ஆண்டுக்கு 18 கிலோ. ஒரு வீட்டுக்கு இது சிறிது. பத்து வீடு வைத்தால் 180 கிலோ. நம் வளாகச் சுத்திகரிப்பு நிலையம் உப்பைப் பிரிக்காது. அத்தனையும் தோட்டத்து மண்ணில்தான் சேரும்.

வழி எளிது. ஆலைகள் செய்வதையே சிறிய அளவில் செய்வோம். மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் தட்டில் 10 லிட்டரை ஊற்றினால் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மிஞ்சும் உப்பைப் பையில் கட்டிக் குப்பைப் பிரிவில் கொடுக்கலாம். கான்கிரீட் மேல் சிந்தக்கூடாது, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

வைக்க விரும்புவோர் கவனத்துக்கு

- 100 லிட்டர் தொட்டி, மணல், பாறை, ஸ்டாண்டு சேர்ந்து 180 கிலோ வரை வரும். பால்கனி வேண்டாம். உத்தரத்துக்கு மேல், சுவரோரம் வையுங்கள்.
- பாறைக்குப் பீங்கான் அல்லது சிமெண்டில் செய்தவை போதும். பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீன் விடாதீர்கள்.
- வெப்பம் 25–26 டிகிரி. சித்திரை வெயிலில் நீர் 30-ஐத் தாண்டும். நீர்ப்பரப்பில் சிறு விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.
- ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீர் மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது நீர்தான், உப்பு அங்கேயே இருக்கிறது.
- கரண்ட் போனால் காற்று பம்ப் ஓட பேட்டரி வைத்திருங்கள். இல்லாவிட்டால் அன்னா தின் வீட்டு முறைப்படி, நீரை மொண்டு மொண்டு ஊற்ற வேண்டியதுதான்.

கேட்ட நண்பர் தொட்டி வைக்கட்டும், குழந்தைகள் பார்க்கட்டும். மீன் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். பின்வரிசையில் கேட்டவரிடம் ஒரு வேண்டுகோள்: மொட்டை மாடியில் அந்தத் தட்டு வைக்கும் இடத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைப்போம்.