ஆலங்காட்டு அம்மையாரும் விலக்கிய உணவும்

மக்கள் விரும்பி உண்ணும் பொருள்களைக் காட்டிலும், உண்ணாது விலக்கும் பொருள்களே அவர்தம் நாடு, குலம், சமயம் என்பவற்றின் வேற்றுமையைப் பெரிதும் புலப்படுத்துவன. ஒரு நாட்டார் விருந்தினர்க்கு உவந்து படைப்பதனைப் பிறிதொரு நாட்டார் காணவும் கூசுவர். தமிழ்நாட்டிலோ உணவு விலக்கு ஒரு சமயத்தின் பெயரையே தனக்குப் பெயராகக் கொண்டது. சிவசம்பந்தமுடையது என்னும் பொருளதாகிய 'சைவம்' என்னுஞ் சொல், புலால் கலவாத உணவு என்னும் பொருளில் வீட்டினும் வீதியினும் வழங்குகின்றது. 'அவர் சைவரோ' என வினவுவாருட் பலர் திருநீற்றையும் திருவைந்தெழுத்தையும் கருதி வினவுகின்றாரல்லர். இலையில் யாது படைப்பது என்று அறிதற்கே வினவுகின்றார். திருமாலடியாரும் உணவு விடுதியிற் புகுந்தவழித் தம்மைச் 'சைவம்' என்று கூறிக்கொள்ளும் அளவிற்கு இவ்வழக்கு வேரூன்றிவிட்டது.

இது சைவத்துக்குப் பெருமையே என்பதில் ஐயமில்லை. ஆயினும், இப்பெருமையினுள்ளே ஒரு மயக்கமும் மறைந்து நிற்கின்றது. உணவை விலக்குதற்குக் காரணம் இருவகைப்படும். உயிர்கட்கு நேரும் துன்பத்தை எண்ணி விலக்குதல் ஒன்று. பழகாமையாலும் அருவருப்பாலும் அச்சத்தாலும் விலக்குதல் மற்றொன்று. முன்னது அறம், பின்னது வழக்கம். வழக்கமானது அறத்தின் பெயரைப் பூண்டு, உண்பாரை இகழப் புகுமிடத்து மயக்கம் பிறக்கின்றது. இவ்விரண்டனையும் வேறு பிரித்துணர்தற்குத் திருவாலங்காட்டு வரலாறு பெரிதுந் துணைபுரிவதாகும்.

முதற்கண் புலால் விலக்கு இந்நாட்டில் வளர்ந்த முறையைச் சிறிது நோக்குவோம். பண்டைச் சான்றோர் புலால் உணவை ஒளித்துக் கூறினாரல்லர். அந்தணராகிய கபிலரே, ஊனுஞ் சோறும் உண்டு வருந்துதலன்றி வேறு தொழிலறியாமையால் தம் போன்றார் கை மென்மையாயிற்று எனச் சேரவேந்தன்முன் பாடினர். 1894-ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையரவர்கள் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டபின், இச்செய்தி கற்றார் பலர்க்கும் எளிதிற் புலனாயிற்று. பின்னர்த் திருவள்ளுவர், அருளுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்துப் புலான்மறுத்தலை வைத்து, தன் உடம்பைப் பெருக்கப் பிறிதோர் உடம்பை உண்பானுக்கு அருள் எங்ஙனம் கூடும் என்னும் வினாவோடு அதனைத் தொடங்கினர். திருமூலரும் தம் முதல் தந்திரத்திற் கொல்லாமையை முன்வைத்து, அதன்பின் புலால் மறுத்தலைக் கூறினர். இரு நூல்களின் வைப்புமுறையும் ஒன்றையே அறிவிக்கின்றது: உயிரிரக்கமே வேர், உணவு விலக்கு அவ்வேரினின்றும் எழுந்த கிளை. வேரற்ற கிளை பசுமையாகத் தோன்றினும் நெடிது நில்லாது.

இனித் திருவாலங்காட்டை நோக்குவாம். வடாரணியம் என வடமொழியார் வழங்கும் இத்தலம் ஆலமரக் காடாயிருந்தமையிற் பெயர் பெற்றது. கூத்தப்பெருமானது ஐந்து சபைகளுள் இரத்தினசபையாய் விளங்குவது. 1905-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரசோழரது 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊர் இவ்வாலயத்துப் பெருமானுக்கு அளிக்கப்பெற்றதனைக் கூறுகின்றன. அவ்வேடுகள் எழுதப்பெறுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, இக்காட்டையும் இதன்கண் ஆடும் பெருமானையும் பாடியவர் காரைக்காலம்மையார்.

அம்மையாரது வரலாறே ஓர் உணவினின்றுந் தொடங்குகின்றது. கணவனாகிய பரமதத்தன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டனுள் ஒன்றை, பசித்துவந்த சிவனடியார்க்குக் கறியமுது ஆகாமையாற் சோற்றுடன் புனிதவதியார் படைத்தனர். எஞ்சிய ஒன்றை நண்பகலில் உண்ட கணவன், அதன் சுவையால் மற்றையதனையும் கேட்டனன். அவர் இறைவனை நினைய, ஒரு கனி கைவந்தது. அதனையும் அவன் உண்டான். முன்னையதினும் மிக்க சுவையுடைத்தென்று உணர்ந்து, எங்குப் பெற்றாய் என வினவினான். உண்மை உரைத்தபோது நம்பானாய், இன்னுமொன்று வருவிக்க எனக் கூறினான். அதுவும் வந்தது, அவன் கைப்பட்டதும் மறைந்தது. அவனுள்ளத்தை அச்சம் பற்றிக்கொண்டது. மரக்கலம் ஏறி நீங்கினான்.

ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இறைவன் அருளிய கனியை அவன் நா விலக்கவில்லை; மிகுசுவையென்றே ஏற்றது. வந்த வழி இன்னதென்று தெரிந்தபின் மனமே விலக்கியது. உண்ணாத உணவை மக்கள் வெறுப்பதிற் பெரும்பகுதி இத்தகையதே. சுவைத்தறிந்து வெறுப்பார் சிலர்; யாவர் தந்தது, எங்கிருந்து வந்தது என்னும் எண்ணத்தால் வெறுப்பாரே பலர். பரமதத்தன் அஞ்சி விட்டுநீங்கிய அக்கனியின் நினைவாகவே இன்று காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. ஆங்கு இறைக்கப்படும் கனிகளை, ஒருவரையொருவர் முந்தி ஏந்திப் பெற்று மக்கள் போற்றியுண்கின்றனர். கனி ஒன்றே; உள்ளமே வேறு.

சீகாழியிலும் இதனையொத்த செய்தி நிகழ்ந்தது. உமையம்மையார் அளித்த ஞானப்பாலை உண்டு நின்ற பிள்ளையாரைக் கண்ட தந்தையார் சிவபாதவிருதயர், யாவர் தந்த பாலை உண்டாய் எனச் சிறுகோல் ஓச்சி வெகுண்டார். ஆசாரம் பிழைத்ததோ என்னும் அச்சம் அருளமுதையும் எச்சிலாகக் காணச் செய்தது. அப்பிள்ளையாரே பின்னர், அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டைக் காலால் மிதிக்க அஞ்சி, அணித்தாய ஓரூரில் தங்கினர் எனச் சேக்கிழார் கூறுகின்றார். இங்கு நேர்ந்ததும் ஓர் அச்சமே. ஆயின் அது தூய்மை கெடுமென்னும் அச்சமன்று, அன்பின் பெருமையை அறிந்த அச்சம்.

கணவனாற் கைவிடப்பெற்ற புனிதவதியார், அவன்பொருட்டுச் சுமந்த தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவு அருளுமாறு இறைவனை வேண்டிப் பெற்றார். பிறர் ஊனை உணவில் விலக்க, இவரோ தம் உடம்பின் ஊனையே விலக்கினார். கயிலையில் இறைவனால் 'அம்மையே' என அழைக்கப்பெற்று, அவன் ஆணைப்படி ஆலங்காடு அடைந்து, தேவாரப் பதிகங்கட்கு முற்பட்டமையின் மூத்த திருப்பதிகம் எனப் பெயர்பெற்ற இரண்டனையும் அருளினர். அவை பதினோராந் திருமுறையில் உள்ளன.

அப்பதிகங்களிற் சுடுகாட்டின் காட்சி வருகின்றது. ஆங்கு வாழும் பேய்களின் உணவு, மக்கள் யாவரும் நினைத்தற்கும் அஞ்சும் பிண நிணம். உலகில் விலக்கப்பட்ட உணவு அனைத்தினும் கடையாயது அதுவேயாம். ஆயின் அம்மையார் அதனைப் பாடும் முறை வியக்கத்தக்கது. நிணத்தை விழுங்கிய பெண்பேய் ஒன்று, தன் பிள்ளைக்குக் காளி எனப் பெயரிட்டுச் சீராக வளர்க்கின்றது. அதன் மேற்படிந்த புழுதியைத் துடைத்துப் பாலூட்டுகின்றது. தாய் சென்றபின் அதன் வரவு காணாத பிள்ளை அழுது அழுது உறங்குகின்றது. மற்றொரு பேய், எரிந்த கொள்ளியிலிருந்து மையிட்டுக்கொள்கின்றது. உணவாற் கீழாயதென்று உலகம் அஞ்சி ஒதுக்கும் உயிரிடத்து அம்மையார் கண்டது யாது? தாய்மையைக் கண்டார். நிணம் உண்ட வாயை மறைத்திலர். பாலூட்டிய கையையும் மறந்திலர். அன்றியும், திருக்கடைக்காப்பில் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்று கூறிக்கொள்ளுமாற்றால், அவ்வினத்துள் ஒருவராகத் தம்மை எண்ணிக்கொண்டனர். இறைவனால் அம்மை எனப்பட்டவர் பேயினத்தைத் தம் சுற்றமாகக் கொண்ட இடம் இதுவாகும்.

திருவாலங்காட்டிற்கு வடபால் திருக்காளத்தி உள்ளது. முன்னர்ச் சித்தூர் ஜில்லாவில் ஒருங்கிருந்த இவ்விரு தலங்களும், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த எல்லைத் திருத்தத்தால் வேறு வேறு மாநிலங்களுக்குரியவாயின; திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர, காளத்தி ஆந்திரத்திலே நின்றது. நில எல்லை பிரிப்பினும் இவை உணர்த்தும் பொருள் ஒன்றே. காளத்தியில் வேடராகிய திண்ணனார், தீயில் வதக்கிய பன்றியூனைப் பல்லால் அதுக்கிச் சுவை நோக்கி, இனியதனையே இறைவனுக்கு ஊட்டினர். ஆகமம் வல்ல சிவகோசரியார் அதனைக் கண்டு நெஞ்சு பதைத்து, திருமுன்பைத் தூய்மைசெய்து, பொன்முகலியில் நீராடி வழிபட்டனர். இறைவன் அவர் கனவில் தோன்றித் திண்ணனாரது அன்பின் இயல்பை உணர்த்தி, மறைந்துநின்று காணுமாறு பணித்தருளினன். சிவகோசரியாரது விலக்கு பிழையென்று இறைவன் கூறிற்றிலன். ஆயின் அவ்விலக்கைக்கொண்டு திண்ணனாரை அளவிடுதல் பொருந்தாதென்பதைக் காட்டினன்.

அங்ஙனமாயிற் புலாலுணவும் சைவர்க்கு உடன்பாடோ எனின், அன்று. சைவசித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார் சிவபுண்ணியத்தை மெல்வினை, வல்வினை என இரண்டாகப் பகுத்துக் கூறும். மெல்வினை யாவரும் கைக்கொள்ளற்குரியது. வல்வினை தன்னை இழந்தார்க்கன்றிப் பிறர்க்கு இயலாதது. கண்ணப்பர் செயல் போற்றுதற்குரியதேயன்றிப் பின்பற்றுதற்குரியதன்று. புலாலுங் கள்ளும் விலக்குமாறு வற்புறுத்திய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரே, 1852-ஆம் ஆண்டு வெளியிட்ட பெரியபுராண வசனத்திற் கண்ணப்பர் சரிதத்தையும் போற்றி எழுதினர். தாம் விலக்கியதைப் படைத்தவரைத் தாம் வணங்குதலில் அவர் முரண் காணவில்லை. விலக்கு உணவின்மேற்று, வணக்கம் அன்பின்மேற்று.

திருநாவுக்கரசர் இதனை இன்னும் வெளிப்படையாக அருளினர். பசுவின் ஊனைத் தின்று திரியும் புலையராயினும், கங்கைசூடிய பெருமானுக்கு அன்பராயின், அவரைத் தாம் வணங்குங் கடவுளாகக் கொள்வதாகத் தம் தனித் திருத்தாண்டகத்திற் கூறினர். பெருநிதியும் அரசும் தருவாராயினும் அன்பிலாதார் செல்வத்தை மதியோம் என்றனர். இவ்வாறு கூறியவர் அவ்வுணவை உண்டாரல்லர், உண்பாரை இகழ்ந்தாருமல்லர். அறுபத்துமூவர் வரிசையில் வேடர் கண்ணப்பரும், மீன்பிடிக்கும் பரதவராகிய அதிபத்தரும், புலையராகிய திருநாளைப்போவாரும் ஏனையோரோடு ஒருங்கே வழிபடப்பெறுதலும் இது பற்றியேயாம்.

இதனால், உணவை விலக்குமுன் ஒருவர் தம்மைத்தாம் வினவிக்கொள்ளற்பாலது ஒன்றுண்டு: இவ்விலக்கு உயிரின்மேல் வைத்த இரக்கத்தால் எழுந்ததோ, உண்பான்மேல் வைத்த இளிவரலால் எழுந்ததோ? இரக்கத்தால் எழுந்ததாயின் அது விலங்கினிடத்தோடு நில்லாது மக்களிடத்துஞ் செல்லும். ஆட்டுக்கு இரங்கியவன் அடுத்த வீட்டானைப் பந்தியினின்றும் எழுப்பான். இளிவரலால் எழுந்ததாயின், இலை தூயதாயினும் உள்ளம் தூயதாகாது.

பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தைத் தேவர் யாவரும் அஞ்சி விலகினர். அவ்வாறு விலக்கப்பட்ட ஒன்றனையே இறைவன் அமுதென ஏற்று மிடற்றில் அடக்கி, விலகியோரையும் வாழ்வித்தான். அருள் காரணமாக விலக்குதலும் உண்டு. அருள் காரணமாக ஏற்றலும் உண்டு. அருளொழிந்தவழி இரண்டும் வெறுஞ் செயலேயாம். ஆலங்காட்டில் அப்பெருமான் ஆட, அவன் திருவடிக்கீழ் இருந்து பாடும் அம்மையார், யாவரும் அஞ்சும் பேயையும் தாயாகக் கண்ட கண்ணை நமக்கும் அருளுவாராக.