640-க்குள் ஒண்டுக்குடித்தனம்

பழைய டாஸ் மெஷின் ஒன்று இன்று கைக்கு வந்தாலும் நான் முதலில் தட்டுவது 'மெம்', ஒரு இடைவெளி, 'ஸ்லாஷ் சி'. வரிசையாக ஓடும் பட்டியலில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கம் 'லார்ஜஸ்ட் எக்ஸிக்யூட்டபிள் ப்ரோகிராம் சைஸ்' என்று ஒரு வரி வருமே, அதைப் பார்ப்பேன். 600 கே.பி.க்கு மேல் இருந்தால், விவரம் தெரிந்த கை பட்ட மெஷின். 500-ஐ ஒட்டி நின்றால், கண்டதையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ரேம் 4 எம்.பி. இருக்கலாம், 8 எம்.பி. இருக்கலாம், அது பேச்சே இல்லை. டாஸ் காலத்தில் சர்வீஸ் வேலை என்று சென்னை ரிச்சி தெருவில் நாங்கள் செய்ததில் பாதி, இந்த ஒரு எண்ணை ஏற்றுகிற வேலைதான்.

இந்த அவஸ்தை 1981 ஆகஸ்டில் தொடங்கியது. ஐபிஎம் தன் பி.சி.யில் வைத்த இன்டெல் 8088 சில்லுக்கு முகவரிக் கம்பிகள் 20. அவற்றைக் கொண்டு 1 எம்.பி. வரைதான் எண்ண முடியும். அந்த 1024 கே.பி.யில் கீழே 640-ஐ ப்ரோகிராம்களுக்கு விட்டுவிட்டு, மேலே 384-ஐத் திரைக்கும் கார்டுகளுக்கும் பயாஸுக்கும் ஐபிஎம் ஒதுக்கியது. அடிப்படை மாடலை வெறும் 16 கே.பி.யோடு விற்ற காலம் அது. அதைப்போல நாற்பது மடங்கை யாருக்கும் குறைச்சல் என்று தோன்றியிருக்காது. '640 எல்லோருக்கும் போதும்' என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வசனம் உலவுகிறது. அவர் மறுத்துவிட்டார். கோடு போட்டது அவர் இல்லை என்பதால் நானும் அவரைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

டாஸும் அவசரத்தில் பிறந்ததுதான். சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சிறிய கம்பெனியில் டிம் பேட்டர்சன் எழுதியது. அதை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. முதல் பதிப்பில் நாம் மாற்றி அமைக்க எதுவும் கிடையாது. 1983 மார்ச்சில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் வைத்த எக்ஸ்டி மாடலோடு டாஸ் 2.0 வந்தது. கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பு அதில்தான் முதலில் வந்தது. எங்கள் பிழைப்புக்கு அதுதான் பிறந்தநாள்.

அந்தக் கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது 'ஃபைல்ஸ்' வரி. ஒன்றும் எழுதாவிட்டால் டாஸ் ஒரே நேரத்தில் 8 கோப்புகளுக்குத்தான் இடம் கொடுக்கும். டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய கணக்கு ப்ரோகிராமுக்கு இது காலையிலேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு டேபிளும் ஒரு கோப்பு, அதன் இண்டெக்ஸ் ஒவ்வொன்றும் இன்னொரு கோப்பு. 'டூ மெனி ஃபைல்ஸ்' என்று திரை கத்தினால் 40 என்று போட்டுவிட்டு வந்துவிடலாம். சிலர் பயத்தில் 255 போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அறுபது பைட் போல அதே 640-இலிருந்து கழியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1984-இல் வந்த ஐபிஎம் ஏடி மாடலில் 80286 சில்லு. கம்பிகள் 24, எட்டும் தூரம் 16 எம்.பி. ஆனால் பழைய 8088-இல் 1 எம்.பி.யைத் தாண்டினால் முகவரி சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். இந்தக் கோணலை நம்பியே எழுதிய ப்ரோகிராம்களும் இருந்தன. அவை கெட்டுப்போகக் கூடாது என்று ஐபிஎம் இருபத்தொன்றாவது கம்பிக்கு ஒரு கதவு போட்டது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் அதன் பெயர் ஏ20. கதவின் சாவியைக் கொண்டுபோய் கீபோர்டு கன்ட்ரோலர் சில்லில் சும்மா கிடந்த ஒரு காலில் மாட்டினார்கள். மெமரிக்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஜூனியர் பையன் கிடையாது. 'ஏ20 லைனைக் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று, மேல் மெமரியைக் கவனிக்கும் ஹைமெம் டிரைவர் முரண்டு பிடித்தால், முதலில் பயாஸ் செட்டிங். அடுத்து ஹைமெம் வரியின் கடைசியில் மெஷின் வகை எண். அதற்கும் மசியாவிட்டால் கீபோர்டு கன்ட்ரோலர் சில்லின் மீதுதான் சந்தேகம்.

அந்தக் கதவு திறந்தால், சில்லின் கணக்கு முறையில் விழுந்த ஒரு ஓட்டையால், 1 எம்.பி.க்கு மேலே 64 கே.பி.க்குப் பதினாறு பைட் குறைவான இடம் சாதாரண டாஸுக்கும் எட்டும். 1991 ஜூனில் வந்த டாஸ் 5 தன் உடம்பில் பெரும்பகுதியை அங்கே தூக்கிப் போட்டுக்கொண்டது. 'டாஸ்=ஹை' என்ற ஒரே வரிக்கு அத்தனை மதிப்பு. இதை மைக்ரோசாஃப்ட்டின் சாமர்த்தியம் என்று பலர் எழுதுகிறார்கள். டிஜிட்டல் ரிசர்ச்சின் டிஆர்-டாஸ் 5 இதை 1990-லேயே செய்துவிட்டது. குவார்ட்டர்டெக்கின் கியூஇஎம்எம் வைத்திருந்தவர்களுக்கும், கீழே கிடப்பதை மேலே ஏற்றுவது புதிதில்லை.

சுவாரசியம் 386-இல்தான். மேலே இருக்கும் 384-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: திரைக்கு 128, விஜிஏ கார்டின் ரோமுக்கு 32, பயாஸுக்கு 64. மிச்சம் 160 கே.பி. வெறும் முகவரிதான், அங்கே ரேம் கிடையாது. இஎம்எம்386 மேலிருக்கும் ரேமை எடுத்து இந்தக் காலி முகவரிகளில் ஒட்டிக் காட்டும். மவுஸ் டிரைவர், நெட்வொர்க் டிரைவர் என்று கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறைகளை அங்கே குடிவைக்கலாம்.

ஒரு உதாரணம். மண்ணடியில் ஒரு இரும்பு வியாபாரி அலுவலகம். நாவெல் நெட்வேர் லேன், கிளிப்பரில் எழுதிய பில்லிங் ப்ரோகிராம். கணக்குப்பிள்ளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "தம்பி, நேத்து வரைக்கும் ஓடிச்சுப்பா. இன்னைக்கு மெமரி இல்லேங்குது. நான் ஒண்ணும் தொடலே." அவர் தொடவில்லைதான். முதலாளியின் மகன் முந்தின நாள் சாயங்காலம் மவுஸ் வாங்கிவந்து மாட்டியிருந்தார். ஏற்கெனவே நெட்வேரின் ஐபிஎக்ஸும் நெட்எக்ஸும் கீழே கிடந்தன. அவற்றின் தலையில் மவுஸ் டிரைவரும் ஏறவே பில்லிங் ப்ரோகிராமுக்கு இடம் பற்றவில்லை.

மவுஸைக் கழற்றிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மகன் கோபித்துக்கொள்வார். இஎம்எம்386 வரியில் 'நோஇஎம்எஸ்' சேர்த்தேன். சேர்க்காவிட்டால் அந்தக் காலி இடத்தில் 64 கே.பி.யை, இஎம்எஸ் என்ற கூடுதல் மெமரி முறையின் ஜன்னலுக்காக அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு 'டாஸ்=ஹை'க்குப் பக்கத்தில் கமா போட்டு 'யூஎம்பி'. பிறகு ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் 'லோட்ஹை'. அதோடு முடியவில்லை. ஒரு டிரைவர் உள்ளே நுழையும்போது கேட்கும் இடம் வேறு, உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளும் இடம் வேறு. நுழையும்போது 40 கேட்டுவிட்டு 17-இல் அடங்கிவிடுகிறவை உண்டு. சிறியவற்றை முதலில் விட்டால், பெரியது வரும்போது நுழைய வழி இருக்காது. சத்தமில்லாமல் கீழேயே உட்கார்ந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் வராது. ஆகவே நுழையும்போது அதிகம் கேட்கிறவரை முதலில் விட வேண்டும். வரிகளை இடம் மாற்றுவது, ரீபூட், மெம் பார்ப்பது. மறுபடி மாற்றுவது, ரீபூட். கணக்குப்பிள்ளை இரண்டாவது டீயும் வாங்கிக் கொடுத்தார். கடைசியில் மவுஸும் இருந்தது, பில்லும் ஓடியது.

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் திரைக்கான 128-இலிருந்தே 32 கே.பி. திருடலாம். பி000 முதல் பி7எஃப்எஃப் வரை உள்ள முகவரி கறுப்பு-வெள்ளைத் திரைக்கானது; கலர் விஜிஏ டெக்ஸ்ட் ஓடும்போது அது சும்மா கிடக்கும். இஎம்எம்386 வரியில் 'ஐ=' போட்டு அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்நாளில் பாதி அலுவலகங்களில் பச்சையோ ஆம்பரோ மானிட்டர், ஹெர்குலிஸ் கார்டு. அங்கே இதைச் செய்தால் திரை அலங்கோலமாகிவிடும்.

இதில் பெரிய தலைவலி லோட்டஸ் 1-2-3. மற்றவர்கள் தூக்கியெறியச் சொல்லும் அந்த இஎம்எஸ்தான் அதற்கு உயிர். பெரிய ஒர்க்ஷீட்டைத் திறக்க வேறு வழி கிடையாது. 1985-இல் அந்த முறையை வகுத்தவர்களில் லோட்டஸும் ஒன்று, இன்டெல்லோடும் மைக்ரோசாஃப்ட்டோடும் சேர்ந்து. ஒரே மெஷினில் காலையில் லோட்டஸ், மத்தியானம் ஃபாக்ஸ்ப்ரோ என்றால் இரண்டு பூட் ஃபிளாப்பி செய்து, மேலே மார்க்கரில் பெயர் எழுதி, டைபிஸ்ட் கையில் கொடுத்துவிட்டு வருவோம். 1993-இல் டாஸ் 6 ஒரே கான்ஃபிக் கோப்பில் மெனு வைக்க வழி செய்தது. எஃப்5 அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் இரண்டையும் தாண்டிப் போகலாம். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுப் போகும். டாஸ் 6-இல் எனக்குப் பிடித்தவை இந்த இரண்டு சாவிகள்தான்.

அதோடு வந்த மெம்மேக்கரை நான் நம்பியதில்லை. நாம் அரை நாள் செய்கிற இடமாற்றத்தை அது தானாகச் செய்யும், ஓரளவு சரியாகவும் செய்யும். ஆனால் வரிகளின் கடைசியில் அது எழுதி வைக்கும் எண்களைப் பார்த்து அடுத்த ஆளால் ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. டிஸ்க்கை இரட்டிப்பாக்கும் டபுள்ஸ்பேஸ் பக்கம் போகவே போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன்; ஒரு சிறு கோளாறு வந்தால் மொத்தமும் ஒரே பெரிய கோப்பாகக் கிடக்கும். ஸ்டாக் கம்பெனி போட்ட காப்புரிமை வழக்கில் 1994-இல் மைக்ரோசாஃப்ட் 12 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னபிறகு 6.21 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். டிஸ்க் வேலையை வேகப்படுத்தும் ஸ்மார்ட்டிரைவ் நல்லது. ஆனால் எழுத வேண்டியதைக் கொஞ்சநேரம் மடியில் வைத்திருந்து பிறகுதான் எழுதும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அந்த வேலை ஆகாது. கட்டளையில் 'சி' என்று டிரைவ் எழுத்தை மட்டும் கொடுத்தால் படிப்பதை மட்டும் வேகப்படுத்தும். நான் அப்படித்தான் போட்டுக் கொடுப்பேன்.

640 கணக்கு வைரஸ் பிடிக்கவும் உதவியது. 'செக்டிஸ்க்' தட்டினால் கீழே மொத்த மெமரி 6,55,360 பைட் என்று வர வேண்டும். இரண்டோ ஆறோ கே.பி. குறைந்திருந்தால், 640-இன் மொட்டைமாடியில் யாரோ படுத்திருக்கிறார்கள். 1990-இல் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஜோஷி வைரஸ் அப்படிப்பட்டது. ஜனவரி 5-ஆம் தேதி மெஷினை நிறுத்திவைத்து, 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் செய்யச் சொல்லும். செய்தால் விட்டுவிடும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டுக்கெல்லாம் அது அசையாது. மெஷினை முழுக்க அணைத்து, ரைட்-ப்ரொடெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிய சுத்தமான ஃபிளாப்பியில் எழுப்பிய பிறகே மருந்து போட வேண்டும்.

ஃபிளாப்பி என்றதும் ஒன்று. 360 கே.பி. ஃபிளாப்பியை 1.2 எம்.பி. டிரைவில் படிக்கலாம்; எழுதாதீர்கள். அந்த டிரைவின் தலை ஒடுங்கியது, பழைய அகலத் தடத்தின் நடுவில் மெல்லிய கோடாக எழுதும். பழைய டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். சென்னைக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியையோ எந்த டிரைவிலும் போடாதீர்கள். ஒன்றைப் படிக்கப் போய்த் தலை அழுக்காகி, அடுத்தடுத்து வருவதையும் கீறிவிடும்.

விண்டோஸ் 95 வந்த பிறகும் கான்ஃபிக்.சிஸ் சில வருஷம் ஓரமாக இருந்தது. இப்போது டாஸ்பாக்ஸில் பழைய ப்ரோகிராமை ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. ஃப்ரீடாஸ் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் உண்டு. உண்மையான 286, 386 மெஷினையே பரணிலிருந்து இறக்குகிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்: மின்சாரம் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, மதர்போர்டில் கீபோர்டு சாக்கெட் பக்கம் பீப்பாய் வடிவ பேட்டரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஒழுகியிருக்கும், பச்சைப் பூ பூத்திருக்கும். வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு சுத்தமாகக் கழுவிக் காயவிடுங்கள். பேட்டரி போனதோடு ஹார்ட் டிஸ்க் எந்த வகை என்ற நினைவும் சிமாஸிலிருந்து போயிருக்கும். சீகேட் எஸ்டி-225 என்றால் சிலிண்டர் 615, தலை 4, செக்டர் 17. செட்டப்பில் டைப் 2. வேறு டிஸ்க் என்றால் மூடியின் உள்பக்கம் பாருங்கள். எங்களைப் போன்ற ஆட்கள் பலர் அந்த மூன்று எண்களையும் அங்கேதான் மார்க்கரில் எழுதி வைப்போம்.