ஆலைக்கு வந்த பருத்தியும் வயலுக்குச் சென்ற புழுவும்: இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் வரலாறு (1906–2009)

முன்னுரை

உலர்ந்த தாவரப் பொருள் விதைப்பதற்காக அன்றி, ஆலையில் பதப்படுத்துவதற்காக மட்டுமே இறக்குமதி செய்யப்படும்போதும் அதனுடன் பயிர்ப்பகை நுழையக்கூடும். நூற்பாலைக்குச் செல்லும் பஞ்சும் எண்ணெய் ஆலைக்குச் செல்லும் பருத்திக்கொட்டையும் இதற்குச் சான்றுகளாகும். பொருள் எதற்காக வருகிறது என்பதைக் காட்டிலும், எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டு வருகிறது என்பதே தீங்கின் அளவைப் பெரிதும் முடிவு செய்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கூன்வண்டும் இந்தியத் தடுப்பும்

மெக்சிகோவிலிருந்து 1892ஆம் ஆண்டளவில் டெக்சாசுக்குள் நுழைந்த பருத்திக் கூன்வண்டு, பூமொட்டுகளிலும் இளங்காய்களிலும் துளையிட்டு முட்டையிடும் இயல்புடையது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வேளாண்மையை அது குலைத்துவந்த காலத்தில், அந்நாட்டுப் பஞ்சு இந்திய நூற்பாலைகளுக்கும் வந்தது. எனவே 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டத்தின் கீழ், இறக்குமதியாகும் பஞ்சுப் பொதிகளுக்கு நச்சுப்புகையூட்டல் 1906இல் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவின் தாவரத் தொற்றுத் தடுப்பு வரலாற்றில் இதுவே தொடக்க நடவடிக்கையாகக் கருதப்படுகிறது.

சுங்கச் சட்டத்தைச் சார்ந்திருந்த இந்நிலை, 1914இல் அழிவுசெய் பூச்சிகள், பீடைகள் சட்டம் இயற்றப்பட்டதும் மாறியது. பயிர்களுக்குக் கேடு விளைவிக்கும் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் தடுப்பதற்கெனத் தனிச்சட்டம் உருவாயிற்று. 1920களில் அமெரிக்கப் பஞ்சு பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக மட்டுமே அனுமதிக்கப்பட்டு, அங்கு ஐதரோசயனிக் அமில வளியால் புகையூட்டப்பட்டது. நுழைவாயிலை ஒன்றாகச் சுருக்கியதன் வாயிலாகக் கண்காணிப்பும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டது.

எதிர்த்திசையில் சென்ற புழு

இந்தியா தன் வாயிலை அடைத்த அதே காலத்தில் மற்றொரு பயிர்ப்பகை இங்கிருந்து வெளியேறியது. புரோச் பகுதிப் பருத்தியில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1843இல் சாண்டர்சு விவரித்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுவே அது. 1906, 1907ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து சென்ற, கொட்டை முழுமையாக நீக்கப்படாத பஞ்சுடன் அது எகிப்தை அடைந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். இப்புழு விதையினுள் நெடுங்காலம் உறங்குநிலையில் இருக்கவல்லது. சில வேளைகளில் இரு விதைகளை இழையால் பிணைத்து அவற்றினுள் தங்கும். ஆகவே பஞ்சில் எஞ்சிய கொட்டையே அதற்கு ஊர்தியாயிற்று.

எகிப்திய விதையுடன் 1911இல் மெக்சிகோவை அடைந்த புழு, 1917இல் டெக்சாசின் ஹெர்ன் நகருக்கு அருகில் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோவிலிருந்து அங்குள்ள எண்ணெய் ஆலைக்குக் கொட்டை வந்திருந்தது. ஆட்டுவதற்காக வந்த கொட்டை, ஆலையைச் சுற்றியிருந்த வயல்களுக்குக் கேட்டைக் கொண்டுவந்தது. பதப்படுத்தும் நோக்கம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதை இந்நிகழ்வு தெளிவாக உணர்த்துகிறது.

நெறிமுறையாக மாறிய பட்டறிவு

பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை 1951இல் உருவானது. அதன்கீழ் 2009இல் ஏற்கப்பட்ட 32ஆம் எண் தரநெறி, தாவரப் பொருள்களை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது: பயிர்ப்பகை எஞ்ச இயலாதவாறு பதப்படுத்தப்பட்டவை, பதப்படுத்தப்பட்டும் பயிர்ப்பகை எஞ்சக்கூடியவை, பதப்படுத்தப்படாமல் நுகர்வுக்கோ பதப்படுத்தலுக்கோ வருபவை, நடுவதற்கு வருபவை. ஆட்டுவதற்கான பருத்திக்கொட்டை மூன்றாம் வகையிலும், விதைப்பதற்கான கொட்டை நான்காம் வகையிலும் அடங்கும். இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையும் தாவர நலச் சான்றிதழ், துறைமுக ஆய்வு, தேவையெனில் புகையூட்டல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது.

முடிவுரை

பருத்திக் கூன்வண்டு இந்தியாவில் இன்றுவரை நிலைகொள்ளவில்லை. டெக்சாசில் கண்டறியப்பட்ட இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ, ஒரு நூற்றாண்டு கடந்து 2018இல்தான் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பருத்தி வயல்களிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முன்னதில் துறைமுகத்தில் சில நாள் காத்திருப்பும் செலவும் வணிகர்க்குச் சுமையாயின. பின்னதில் தலைமுறைகள் கடந்து உழவர் அச்சுமையை ஏற்றனர். உலர்பொருள் இறக்குமதிக்கான உயிரிப் பாதுகாப்பு விதிகளின் தேவையை இவ்வேறுபாடே உறுதிப்படுத்துகிறது.